கட்டியக்காரன் இல்லாவிட்டால் என்ன?

முன்னுரை

தெருக்கூத்து தெரியாத மாணவர் நம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்தில் குறைவு. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. கூத்து முடிந்ததும் அர்ச்சுனன் வேஷத்தையும் துரியோதனன் வேஷத்தையும்தான் எல்லோரும் பேசுகிறோம். தொப்பி மாட்டிக்கொண்டு ராத்திரி பூராவும் ஓடியாடிய கட்டியக்காரனை யாரும் பேசுவதில்லை. 'சும்மா சிரிப்புக் காட்ட வர்றவன்தானே!' என்று விட்டுவிடுகிறோம். பாரதம் போன்ற பெருங்கதையில் இந்த விளையாட்டுப் பாத்திரம் தேவைதானா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவன்?

அரசன் வரும்போது அவன் புகழைச் சொல்லி அறிவிப்பதற்குக் கட்டியம் கூறுதல் என்று பெயர். அதிலிருந்து வந்தவன் கட்டியக்காரன். வியாச பாரதத்தின் 18 பருவங்களிலும் தேடினாலும் இவன் இல்லை. வில்லிபுத்தூராரின் 10 பருவங்களிலும் இல்லை. கூத்துக் கலைஞர்கள் சேர்த்துக்கொண்ட ஆள் இவன்.

இன்றைக்கு என்ன கதை என்று சபைக்குச் சொல்கிறவன் இவன்தான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜா ஆடி வரும்போது, நீ யார், எந்த ஊர் என்று கேட்கிறவனும் இவன்தான். அப்புறம் காவல்காரன் ஆவான், தூதன் ஆவான். ராஜாவுக்குக் கிரீடம், புஜக்கட்டை என்று உடம்பெல்லாம் கட்டை வேஷம். இவனுக்கு அந்தப் பாரம் கிடையாது.

எடுத்துவிட்டுப் பார்ப்போம்

ஒரு பாத்திரம் தேவையா என்று அறிய எளிய வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியானும் வேடிக்கையான ஆள்தான். ஆனால் அவன் அநிருத்தரின் ஒற்றன். அவனை எடுத்தால் கதையின் பல முடிச்சுகள் அவிழ்ந்துவிடும்.

கட்டியக்காரன் அப்படி இல்லை. அவனை எடுத்தாலும் போர் 18 நாள்தான் நடக்கும். கர்ணன் சாகத்தான் போகிறான். இங்கிலாந்தில் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) நாவலில் டாம் பாம்பெடில் என்று பாட்டுப் பாடித் திரியும் ஒருவன் வருகிறான். 2001 முதல் 2003 வரை வந்த பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களிலும் அவனை விட்டுவிட்டார்கள். கதை நிற்கவில்லை. அப்படியானால் இவர்கள் வேண்டாதவர்களா?

ஐட்லர் கியர்

மெக்கானிக்கல் மாணவர்கள் சிம்பிள் கியர் டிரெயினை நினைத்துப் பாருங்கள். டிரைவர் கியருக்கு 20 பல், டிரிவன் கியருக்கு 40 பல் என்றால் வேகம் பாதியாகும். நடுவில் உள்ள ஐட்லருக்கு 15 பல் இருந்தாலும் 30 பல் இருந்தாலும் அதே பாதிதான். கணக்கில் ஐட்லர் அடிபட்டுப் போகும். அதற்காக அதைக் கழற்றி வைக்க முடியுமா? இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே தூரம் இருக்கிறதே! ஐட்லர் இல்லாவிட்டால் டிரைவர் சுற்றும், டிரிவன் சும்மா நிற்கும்.

பாரதத்துக்கும் நமக்கும் நடுவே தூரம் இருக்கிறது. வில்லியார் பாடியது விருத்தம். படித்தவர்க்கே உரை வேண்டும். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. ஆனாலும் எந்த நாளில் யார் விழுந்தார் என்று அப்பா வரிசையாகச் சொல்வார். எல்லாம் கூத்தில் கேட்டதுதான்.

துகிலுரிதல் கூத்து ஒன்றை அப்பாவோடு பார்த்தேன். தன்னை முதலில் தோற்றவருக்கு என்னைப் பந்தயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி சபையில் கேட்கிறாள். பீஷ்மராலேயே தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. கட்டியக்காரர் ஜனங்கள் பக்கம் திரும்பி, "ஏம்மா, தானே அடமானத்துல மூழ்கிப் போனவன், இன்னொருத்தரை அடமானம் வைக்கலாமா? எந்தப் பத்திரத்துல எழுதியிருக்கு?" என்றார். முன்வரிசையில் இருந்த வயசான அம்மா ஒருவர், "வைக்கக் கூடாது!" என்று சத்தமாகச் சொன்னார். அஸ்தினாபுரத்துச் சபை சொல்லாத பதிலை நம் ஊர் அம்மா சொன்னார்! அரசர்கள் கதையில் கூலிக்காரன் நின்று கேள்வி கேட்க ஓர் இடம் உண்டென்றால், அது கட்டியக்காரன் நிற்கும் இடம்தான்.

எதிர்வாதம்

'கட்டியக்காரன் ஆபாசமாகப் பேசுகிறான், பெண்கள் உட்கார முடியவில்லை' என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஒருவர் உடம்பையோ சாதியையோ வைத்துச் சிரிக்க வைப்பது எனக்கும் உடன்பாடில்லை. அது அந்த நடிகர் திருத்திக்கொள்ள வேண்டிய குறை. ஐட்லரில் ஒரு பல் தேய்ந்தால் வேறு ஐட்லர் மாட்டுவோமே தவிர, அந்த இடத்தைக் காலியாக விடமாட்டோம்.

முடிவுரை

விடிய விடிய நடக்கும் கூத்தை இப்போது கல்லூரி விழாக்களில் ஒரு மணி நேரமாகச் சுருக்கச் சொல்கிறார்கள். கதைக்குத் தேவையில்லை என்று முதலில் குறைக்கப்படுவது கட்டியக்காரன் பேச்சுதான். நண்பர்களே! நம் விழாவுக்குக் கூத்துக் குழுவை அழைத்தால் ஒரு சண்டையைக் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். கட்டியக்காரனைக் குறைக்க வேண்டாம். அவன் கேட்பது நம் வீட்டுக் கேள்வி.