எஞ்சினுக்கு மழைக்கால ஓய்வு

சிறு எஞ்சின்களுடன் வரும் கையேடுகள் பலவற்றில், 'குளிர்காலத்தில் எடுத்து வைத்தல்' என்றொரு பகுதி இருக்கக் காணலாம். பனி மூடிய நாட்டாருக்கென எழுதப்பட்டது அது. உடும்பஞ்சோலையிலோ, தேவிகுளத்திலோ, பாலக்காட்டுச் சித்தூரிலோ உள்ள நம் உழவர், "இது நமக்கு வேண்டாதது" என்று அப்பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உண்மையில் அது நமக்கும் வேண்டியதே. மூணாற்றுத் தோட்டங்களில் சில சனவரி விடியல்களில் புல்மேல் உறைபனி படிகிறது. ஆயினும் காற்றால் குளிரும் சிறு எஞ்சினுக்குள் உறைவதற்கு நீர் ஏது? நம் எஞ்சின் உறங்குவது மழைக்காலத்தில். அதன் பகை குளிரன்று, ஈரம்.

ஏலத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோடை மாதங்களில் படுதாக் குளத்திலிருந்து நீர் இறைக்கும் பம்புசெட்டுக்கு ஓய்வில்லை. சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அது கொட்டகை மூலைக்குப் போகிறது. மறுபடி அதைத் தேடுவது சனவரியில்தான். அப்போது கயிற்றை இழுத்தால் எஞ்சின் அசையாது. பட்டறைக்குத் தூக்கிச் சென்றால், அங்கே அதே நோயுடன் வந்த எஞ்சின்கள் வரிசையில் நிற்கும். செடியோ வரிசையில் நிற்காது. நீர் தவறினால் வாடிவிடும். இருபது ஏக்கர்க்காரர் வேறு எஞ்சின் வாங்குவார். ஓர் ஏக்கர்க்காரர் என் செய்வார்?

மழை மறைவில் உள்ள மறையூரிலும் சித்தூரின் கிழக்குப் பகுதியிலும் எஞ்சினை நிறுத்தும் மாதம் வேறாகலாம். எம்மாதமாயினும், ஒரு மாதத்திற்குமேல் நிற்கப்போகும் எஞ்சினுக்கு இம்முறை பொருந்தும்.

முதலில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடாக்க வேண்டும். திறந்த வெளியில் ஓட்டுக. மழைக்கு அஞ்சி மூடிய அறைக்குள் ஓட்டினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி ஆளைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாயின், இக்கடைசி ஓட்டத்தைப் பெட்ரோலில் நடத்துக. பிறகு நிறுத்தி, சூடு ஆறுமுன் பழைய ஆயிலை வடித்துவிட வேண்டும். ஆயில் கறுப்பாயிருப்பது மட்டுமே குறையன்று. எரிந்த எரிபொருளின் அமிலமும் நீரும் அதில் கலந்திருக்கின்றன. மண்ணெண்ணெய் எஞ்சினிலோ, எரியாத எண்ணெயும் கீழிறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. இவ்வழுக்கில் பல மாதம் ஊறினால் பேரிங்குகள் அரிக்கும். பம்புசெட்டு எஞ்சினுக்கு அரை லிட்டர் அல்லது சற்று மேல்; புல்வெட்டும் கருவிக்கு ஏறத்தாழ 100 மில்லி. இவ்வளவுக்குக் கணக்குப் பார்ப்பது வீண் சிக்கனம். வடித்த ஆயிலை ஓடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுக.

எஞ்சின் நன்கு ஆறியபின் பெட்ரோலுக்கு வருவோம். இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குச் செல்லும் வழியும் அடியில்தான் இருக்கிறது! பெட்ரோலும் நாட்பட்டால் கோந்துபோல் திரிந்து, கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்துவிடும். ஆதலால் டாங்கியை முழுதும் வடிக்க வேண்டும். பெட்ரோல் தீருமட்டும் ஓட்டினால் போதுமென்பார் உளர், போதாது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் சிறிது எஞ்சும். அதன் அடித் திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிட்டுத் திருகை மறுபடி முறுக்குக.

இனி, பலரும் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி புதிய ஆயிலைச் சிலிண்டருக்குள் விடுக. சுவிட்சை அணைத்துவைத்து, பிளக்கு ஒயரைத் துளைக்கு எட்டாமல் விலக்கிவிட்டு, கயிற்றை மெல்ல மூன்று நான்கு முறை இழுத்தால் சுவர் முழுதும் ஆயில் படியும். பிளக்கைத் திரும்ப மாட்டியபின், கயிற்றை மறுபடி மெல்ல இழுத்துக்கொண்டே வருக. கை ஓரிடத்தில் கனக்கும். அங்கேயே நிறுத்திக் கயிற்றை மெதுவாக விட்டுவிடுக.

ஏன் அவ்விடத்தில்? நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் ஓட்டிக் காட்டிய முறையிலேயே இன்றும் இந்த எஞ்சின் ஓடுகிறது: உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றல். கிராங்கு இருமுறை சுற்றினால் இந்நான்கும் முடியும். உறிஞ்சும்போது ஒரு வால்வு திறந்திருக்கும், வெளியேற்றும்போது மற்றொன்று. அந்நிலைகளில் நின்றுபோன எஞ்சின், கதவைத் திறந்துவைத்து உறங்கும் வீட்டுக்கு ஒப்பாகும். ஆடி மாதச் சாரல் காற்று உள்ளே போய்ச் சிலிண்டரில் துரு ஏற்றும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கை கனக்கும் இடமோ அழுத்தும் வீச்சு. அங்கே இரு வால்வுகளும் மூடியிருக்கின்றன. காசு செலவில்லாத காவல் இது. மருந்தடிக்கும் கருவிகள் சிலவற்றில் உள்ள இரண்டு வீச்சு எஞ்சினுக்கு இத்தகைய வால்வுகள் இல்லை. ஆயிலறையும் தனியே இல்லை. அதன் முறை வேறு.

பம்பின் அடித் திருகைக் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் உட்சக்கரம் துருவால் ஒட்டிக்கொள்ளும். மழைக்குமுன் போர்டோக் கலவை அடித்த கருவியை நன்கு கழுவி வைக்கவும். துருத்துத் தின்னும் உப்பு அது.

வைக்குமிடம்? மண்தரை ஆகாது, பலகைமேல் வைக்கவும். உர மூட்டைகளின் பக்கம் கூடாது. பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்க்கும், சாக்குத்துணி போதும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஈரமில்லை என்று அங்கே கொண்டு வைப்போர் உண்டு. இடம் நல்லதுதான், ஆனால் அங்கே அடுப்பு எரிகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பை எட்டும். சொட்டுப் பெட்ரோலும் இல்லாதவாறு வடித்து, ஆவி போகுமாறு வெளியில் ஒருநாள் வைத்திருந்த எஞ்சினையே அங்கே கொண்டு போகலாம்.

மாதந்தோறும் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டால் இத்தொல்லை எதுவும் வேண்டாமே என்று கேட்கலாம். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் முழுச்சூடு அடைவதில்லை. எரிதலில் பிறக்கும் நீராவி குளிர்ந்து ஆயிலிலேயே தங்கும். ஓட்டுவதாயின் பளுவேற்றிச் சூடேறும்வரை ஓட்டுக. இயலாதெனில் தொடாமலே விடுக.

சனவரியில் எடுக்கும்போது, குழாயிலும் காற்றுவழியிலும் குளவியோ எலியோ குடியிருக்கிறதா என்று பார்த்து, பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்து மிகுந்த ஆயிலை வெளியேற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றுக. முதலில் வெண்புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிவதால் வரும் புகை அது. சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.