டாலரைத் தேக்கி வைக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களுக்கு லோகோ வடிவமைத்துக் கொடுக்கிறேன். பேபாலில் வரும் டாலர் உடனே ரூபாயாகி வங்கிக்குப் போய்விடுகிறது. விலை ஏறும்வரை அப்படியே வைத்திருக்க முடியாதா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: முடியாது. நாமக்கல் முட்டையைக்கூட விலை பார்த்து நாலு நாள் வைத்திருந்து விற்கலாம். பேபால் டாலரை அப்படி வைக்க இயலாது. இந்தியர்களுக்கு வரும் தொகை அங்கே தங்காமல் வங்கிக் கணக்குக்குப் போயாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பட்டுவாடாவை நிறுத்திவிட்ட பேபால், இங்கே வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டுமே உதவுகிறது. கட்டணம் தனி, ரூபாயாக மாற்றும் விலையும் சந்தை விலையைவிடக் குறைவு. இரண்டையும் கணக்கிட்டே கூலி பேசுங்கள்.

பெரிய தொகை என்றால் வங்கியில் இஇஎஃப்சி எனும் அந்நியச் செலாவணிக் கணக்கு தொடங்கி, நேரடியாக வங்கி வழியே அனுப்பச் சொல்லலாம். அதில் டாலராகவே இருக்கும், வட்டி கிடையாது. பணம் வந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும்.

டாலரில் வந்தாலும் வருமானம் வருமானமே, வரி உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை. பணம் வந்ததற்கான சான்றை மாதந்தோறும் இறக்கி, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.