வீட்டுக் கல்யாணமும் கையிலிருக்கும் கேமராவும்

2020 மே மாதம். ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்தது. என் அக்கா மகளின் கல்யாணம் மண்டபத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு மாறியது. வேறு மாவட்டத்துப் புகைப்படக்காரருக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. "உன்கிட்டதான் கேமரா இருக்கே, நீயே எடுத்துடு" என்று அக்கா சொல்லிவிட்டார். அன்று கற்றுக்கொண்டதை இங்கே பார்ப்போம். ஏற்பாடு கடைசி நேரத்தில் மாறும் எந்தச் சிறிய விழாவுக்கும் இது உதவும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கேமரா, செல்போன் இரண்டிலும் தேதியையும் நேரத்தையும் ஒன்றாக அமையுங்கள். ஒவ்வொரு படத்துடனும் எடுத்த நேரம் பதிவாகிறது. நேரம் சரியாக இருந்தால்தான் இரண்டு கருவிகளின் படங்களையும் கம்ப்யூட்டரில் பின்னர் வரிசைப்படுத்த முடியும்.

பேட்டரிகளை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மெமரி கார்டில் இடம் பாருங்கள். ஒரு படம் 5 எம்பி என்றால் 32 ஜிபி கார்டில் சுமார் 6,000 படங்கள் கொள்ளும். ஆகவே படத்தின் அளவைக் குறைத்து வைக்கத் தேவையில்லை.

மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், பெரியவர்களிடம் ஆசி பெறுதல் என்று தவறவிடக் கூடாதவற்றைத் தாளில் எழுதி, எது எப்போது என்று புரோகிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது

ஜன்னல் வெளிச்சம் மணமக்களின் முகத்தில் விழும்படி மணையைப் போடச் சொல்லுங்கள். ஜன்னல் அவர்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஹோமப் புகை எழும்போது ஃபிளாஷை நிறுத்துங்கள். புகையில் பட்ட ஒளி படத்தை வெளுப்பாக்கும். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நாலடி முன்னே நடந்து போங்கள்.

தாலி கட்டுவது சில விநாடிகளில் முடிந்துவிடும். தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் பர்ஸ்ட் வசதியை முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஒருவரைச் செல்போனுடன் எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். யாராவது குறுக்கே வந்து மறைத்தாலும் ஒரு படமாவது தேறும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

பலர் தவறு செய்யும் இடம் இதுதான். நானும் செய்தேன். அன்று இரவு கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, 100 என்று தொடங்கும் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தேன். கார்டை ஃபார்மட் செய்யப் போகும் நேரத்தில் எண்ணிக்கையைப் பார்த்தேன். கேமரா 412 படங்கள் என்றது. கம்ப்யூட்டரில் 287 தான் இருந்தன. என் கேமராவில் படத்தின் வரிசை எண் 9999-ஐத் தொட்டதும் 101 என்று புதிய ஃபோல்டர் உருவாகியிருந்தது. தாலி கட்டிய படங்கள் அதில்தான் இருந்தன! எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் அக்காவின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. '2020-05-24 கல்யாணம்' என்பதுபோல் ஃபோல்டர் உருவாக்குங்கள். வருடத்தை முதலில் எழுதினால் ஃபோல்டர்கள் தேதி வரிசையில் நிற்கும்.

2. கார்டில் உள்ள 'டிசிஐஎம்' ஃபோல்டரை முழுவதுமாகக் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்யுங்கள். 'கட்' வேண்டாம். செல்போன் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

3. கார்டில் உள்ள ஃபோல்டர், காப்பி செய்த ஃபோல்டர் இரண்டிலும் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுங்கள். அதையும் சரிபாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள்.

5. அதன் பிறகே கார்டைக் கேமராவில் வைத்து ஃபார்மட் செய்யுங்கள்.

கார்டிலிருந்து டெலீட் செய்த படம் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதை மறக்காதீர்கள். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லாம் கிடைக்கும் என்று உறுதியில்லை.

உறவினருக்கு அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு குறைந்துவிடும். ஆல்பம் போடுபவருக்கு 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள்.

அக்கா மகளின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது அந்த 101 ஃபோல்டரில் இருந்த படம்தான். படம் சுமாராக இருந்தாலும் பார்த்து மகிழலாம், தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது. இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.