எல்லைக்கல்லும் சுவர் விரிசலும்: அளவும் தேதியும் கையில் இருக்கட்டும்

பக்கத்து மனையில் ஜேசிபி வந்து அஸ்திவாரம் தோண்டுகிறது. மாலையில் போய்ப் பார்த்தால், தோண்டிய பள்ளம் நம்ம இடத்துக்குள் ஒரு அடி வந்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஒரு வாரம் கழித்து உங்கள் வீட்டு சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். "இது முன்னாடியே இருந்ததுதாங்க" என்கிறார் அவர். "இல்லீங்க, இப்ப வந்தது" என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேர் கையிலும் அளவு இல்லை. பேச்சு வளர்ந்து மனக்கசப்பில் முடிகிறது.

எல்லைச் சிக்கல், விரிசல் சிக்கல் இரண்டுக்குமே தேவைப்படுவது மூன்று விஷயங்கள்தான்: அசையாத ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த அளவு, அளவு எடுத்த தேதி. இவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது என்று பார்ப்போம்.

போனில் தெரியும் நீலப்புள்ளி எல்லை ஆகாது

மேப் செயலியைத் திறந்து மனையின் மூலையில் நின்று, "இதுதான் நம்ம எல்லை" என்று முடிவு செய்பவர்கள் உண்டு. சாதாரண ஸ்மார்ட்போனின் ஜிபிஎஸ், திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் வரை தவறலாம். மரமும் மாடிக்கட்டடமும் சுற்றி இருந்தால் தவறு இன்னும் கூடும். 30 அடி அகல மனை என்பது 9 மீட்டர் சொச்சம்தான். அதில் 5 மீட்டர் தவறினால், பாதி மனைக்கு மேல் கணக்கு மாறிவிடும்.

நில அளவைக்குப் பயன்படும் ஜிபிஎஸ் கருவி வேறு வகை. ஏற்கெனவே இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையான நிலையத்திலிருந்து திருத்தம் பெற்றுக்கொண்டு, சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அது அளக்கும். அங்கேயும் அடிப்படை ஒன்றுதான்: அசையாத புள்ளி.

இது புதிய பாடம் இல்லை. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியபோது, முதலில் செய்தது சென்னை பரங்கிமலைப் பகுதியில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிப்படைக் கோட்டை அளந்ததுதான். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அந்த ஒரு கோட்டைப் பிசகில்லாமல் அளந்த பிறகே மற்ற முக்கோணங்களுக்குப் போனார்.

புலப்படத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் பார்க்கலாம். பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஹெக்டேர் 100 ஏர். 1 ஏர் 100 சதுர மீட்டர். 1 சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக, "0 - 4.05" என்று இருந்தால் 405 சதுர மீட்டர், அதாவது சுமார் 10 சென்ட்.

• புலப்படத்தில் எல்லைக்கோடுகளுக்கு உள்ளே புள்ளிக்கோடுகளாகச் செல்பவை அளவைக் கோடுகள். அவற்றிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு எல்லை மூலைக்கும் உள்ள தூரம் எண்ணில் எழுதப்பட்டிருக்கும். சர்வேயர் உங்கள் மூலையை மீண்டும் கண்டுபிடிப்பது இந்த எண்களை வைத்துத்தான்.

• பிரின்ட் எடுத்து, அதன்மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். 1:1000 அளவுத்திட்டத்தில் தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 1 மீட்டர். பென்சில் முனை நகர்ந்தாலே எல்லை நகர்ந்துவிடும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

• பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கலாம். 100 லிங்க் 66 அடி.

• உங்கள் மனை இன்னும் உட்பிரிவு ஆகவில்லை என்றால், அதன் தனி எல்லை படத்தில் இருக்காது. முதலில் உட்பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அத்துக்காட்ட விண்ணப்பித்த பிறகு

எல்லையைக் காட்டித்தரச் சொல்லி, அதாவது அத்துக்காட்டக் கோரி, 'தமிழ்நிலம்' இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் அங்கே இருங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் வரச் சொல்லுங்கள். "எனக்குத் தெரியாம அளந்துட்டாங்க" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

கல் நட்டவுடன் இன்னொரு வேலை இருக்கிறது. கிணற்றுச் சுவர், வீட்டு மூலை, மதகு என்று எளிதில் நகராத மூன்று இடங்களிலிருந்து கல்லுக்கு டேப் பிடித்து அளந்து எழுதி, தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு டிராக்டர் மோதிக் கல் சாய்ந்தாலும், எங்கே இருந்தது என்று சொல்ல முடியும். 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, எல்லைக்குறிகளைப் பராமரிப்பது நிலத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா?

விரிசலைப் பார்த்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடுவது நம் வழக்கம். அதற்கு முன் தெரிய வேண்டியது, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. ஒரு தடவை பார்த்தால் தெரியாது; திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

1. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நீண்டால் உடனே தெரியும்.

2. விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறியுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

3. போனில் படம் எடுக்கும்போது விரிசலை ஒட்டி ஸ்கேல் வையுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தில் 1 மில்லிமீட்டரும் 5 மில்லிமீட்டரும் ஒரே மாதிரி தெரியும்.

4. மெல்லிய கண்ணாடிச் சில்லை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சிமென்ட்டால் ஒட்டுவது பழைய முறை. சில்லு உடைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.

கரிசல் மண்ணிலும் களிமண்ணிலும் கட்டிய வீடுகளில் கோடையில் விரிந்து மழைக்காலத்தில் மூடும் விரிசல்கள் உண்டு. மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். அதனால் இரண்டு பருவமும் பார்த்த பிறகே இந்த வகை விரிசலைப் பற்றி முடிவுக்கு வர முடியும்.

பொறியாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

சென்னையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது, பாதையை ஒட்டிய கட்டடங்களின் அசைவையும் கண்காணிக்கிறார்கள். இப்படிப்பட்ட பணிகளில் சுவரில் சிறிய பிரிசங்களைப் பொருத்தி 'டோட்டல் ஸ்டேஷன்' கருவியால் அவற்றின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். துல்லிய லெவல் கருவியால் தூண்களின் மட்டத்தையும் பார்ப்பார்கள். ஒப்பிடும் குறி மட்டும் தோண்டும் பாதிப்பு எட்டாத தூரத்தில் இருக்கும். குறியும் சேர்ந்து இறங்கினால், கட்டடம் இறங்கியதே தெரியாது.

கட்டடம் முழுவதும் ஒரே சீராகக் கொஞ்சம் இறங்குவதைவிட, ஒரு மூலை மட்டும் இறங்குவதே அதிக ஆபத்து. இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தில் 300-ல் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று மட்டும் இறங்கினால், சுவரில் விரிசல் தொடங்கலாம் என்பது பொறியியலில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. 3 மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 10 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது; கருவிக்குத் தெரியும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிந்தால், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறினால், நன்றாக மூடிய கதவு திடீரென இடித்தால், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். தூணிலோ உத்திரத்திலோ விரிசல் வந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். நாளுக்கு நாள் வேகமாக விரிந்தாலும் அப்படித்தான். வீட்டில் உள்ளவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் 112 எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

தோண்டுவதற்கு முந்தைய நாள்

முதலில் சொன்ன சண்டைக்கே திரும்ப வருவோம். பக்கத்தில் வேலை தொடங்கப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே வீட்டின் எல்லாச் சுவர்களையும், இருக்கும் விரிசல்களையும் ஸ்கேலுடன் படம் எடுங்கள். எல்லைக்கல்லையும் படம் எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கு நிலவரம் இதுதான், நீங்களும் பார்த்துக்கங்க" என்று காட்டி, ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் செய்வது இல்லை. நாளைக்கு அவர் சொல்வது சரியா, நீங்கள் சொல்வது சரியா என்ற கேள்வி வந்தால், இரண்டு பேருக்கும் அந்தத் தாளே பதில் சொல்லும். ஒரு மணி நேர வேலைதான். போன் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு டேப்பும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போங்கள்.