ஜி.சி.எஸ்.இ. ஜெர்மன்: மதிப்பெண்ணைக் கோட்டை விடாதீர்கள்

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு ஜெர்மன் எடுக்கும் பிள்ளைகள் பலர் இலக்கணப் பயிற்சியையே எழுதிக்கொண்டிருப்பார்கள். வாய் திறந்து பேசச் சொன்னால் தடுமாறுவார்கள். அதைத் தவிர்க்க ஐந்து வழிகள்:

1. படிக்கும் நேரத்தை நான்காகப் பிரியுங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம்.

2. பெயர்ச்சொல்லை அதன் பால் காட்டும் ‘டெர், டீ, டாஸ்’ சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பால் தெரியாவிட்டால் வேற்றுமையும் சேர்ந்து தவறும்.

3. தேர்வு வாரியத்தின் சொற்பட்டியலை அச்செடுத்து, தெரிந்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். 2026 முதல் நடக்கும் புதிய தேர்வுக்கு அடிப்படை நிலையில் 1,200 சொற்கள், உயர்நிலையில் 1,700. அகராதிக்கு அனுமதி இல்லை.

4. ‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் வினையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: ‘வைல் எஸ் ஷ்பாஸ் மஹ்ட்’ (ஏனென்றால் அது மகிழ்ச்சி தருகிறது). வினையை இறுதியில் வைப்பது தமிழ் பேசும் பிள்ளைகளுக்குப் பழகிய வரிசை, தயங்காமல் எழுதலாம். பிழையில்லாத ஒரு காரண வாக்கியம் விடையின் தரத்தையே உயர்த்தும்.

5. தினமும் ஒரு பத்தியை உரக்க வாசியுங்கள், ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்தி எழுதிப் பாருங்கள். புதிய தேர்வில் உரக்க வாசித்தலும் சொல்வதெழுதுதலும் உண்டு.

பேச்சுத் தேர்வு மற்றவற்றுக்கு முன்பே வந்துவிடும். ஈஸ்டர் விடுமுறை வரை தள்ளிப்போடாமல் இப்போதே பேசத் தொடங்குங்கள்.