கைப்பட ஆக்கியதைக் காத்துக்கொள்வது எப்படி?

வயல் உழவும் பாரம் ஏற்றவும் நாம் பயன்படுத்தும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்ததாயினும் நமக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். அந்தப் பெயர் இங்கிலாந்துக் கம்பனி ஒன்றுக்கு உரியது. அக்கம்பனி 1950களில் தயாரித்து விற்ற அந்த இயந்திரத்தை வடிவமைத்தவரோ ரே விஜேவர்தன (1924–2010) என்ற இலங்கைப் பொறியியலாளர். பொருளின் பெயர் வயலெங்கும் நிலைத்துவிட்டது. ஆக்கியவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதிதாக ஒன்றை ஆக்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்றில்லை. இடம்பெயர்ந்து, இருந்ததை எல்லாம் விட்டு வந்து, மீண்டும் சேனையும் வயலும் செய்யத் தொடங்கிய குடும்பங்களில் ஆக்கும் திறன் நிறையவே உண்டு. காசு கொடுத்து வாங்க வழியில்லாதபோது பழைய சைக்கிள் சில்லிலும் தகரப் பீப்பாவிலும் ஒரு கருவி பிறந்துவிடுகிறது. அந்தக் கருவி நல்லதென்று தெரிந்ததும் பிறர் அதைத் தேடி வருவார்கள். சிலர் வாங்க வருவார்கள். சிலர் பார்த்துச் செய்ய வருவார்கள். கைத்தொலைபேசியும் இணையமும் வந்தபின் பார்த்துச் செய்பவர் நம் ஊருக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. இது பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. ஓர் உதாரணம்

பொத்துவில் பக்கத்தில் கச்சான் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் இரவிரவாக விரலால் கச்சான் உடைப்பதைப் பார்த்து, கையால் சுற்றும் ஒரு சிறு மெசினைச் செய்கிறார். நம் பகுதியின் சிறிய பருப்பு நொறுங்காதபடி இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைக்கிறார். அயலவர் ஐந்தாறு பேர் வாங்குகிறார்கள். அவருடைய மருமகன் மெசினைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறான். தூர நகரத்து வியாபாரி ஒருவர் தொலைபேசியில் பேசி இரண்டு மெசின் எடுக்கிறார்.

மூன்று மாதம் கழிகிறது. அதே படம், அதே வளவு, பின்னால் அதே வேப்பமரம். ஆனால் மேலே ‘எமது சொந்தத் தயாரிப்பு’ என்று எழுதி, தம்பியின் விலையைவிடக் குறைத்து இணையத்தில் விற்கிறார்கள். தகரம் மெல்லியது. வாங்கியவர்களின் மெசின் இரண்டாம் கிழமையே உடைகிறது. படத்தை வைத்து ஆளைத் தேடிப் பிடித்த சிலர் தம்பியிடமே வந்து காசைத் திருப்பிக் கேட்கிறார்கள். தம்பிக்கு வந்த நட்டம் இரண்டு: பிழைப்பும் போனது, பெயரும் கெட்டது.

2. நடந்தது ஒன்றல்ல, நான்கு

இப்படி நடந்தால் ‘களவெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் முன் இவை வெவ்வேறு காரியங்கள். மருந்தும் வெவ்வேறு.

முதலாவது, அசலை வாங்கி மீண்டும் விற்பது. வியாபாரி தம்பியிடம் விலை கொடுத்து வாங்கிய இரண்டு மெசினையும் கூடிய விலைக்கு விற்றால் அது பொதுவாகக் குற்றமாகாது. விற்ற மாட்டை வாங்கியவர் யாருக்கு விற்றாலும் நாம் தடுக்க முடியாதல்லவா? தடுக்க வேண்டுமானால் விற்கும்போதே எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருக்க வேண்டும்.

இரண்டாவது, பார்த்துச் செய்து விற்பது. இதைத் தடுக்க ஆக்கவுரிமையோ வடிவமைப்புப் பதிவோ தேவை. அவை இல்லாவிட்டால் மெசினை மட்டும் பார்த்துச் செய்தவரைத் தடுப்பது மிகக் கடினம்.

மூன்றாவது, படத்தை எடுத்துப் போடுவது. படம் எடுத்தவருக்கு அதன் பதிப்புரிமை அந்தக் கணமே உண்டு. பதிவு எதுவும் தேவையில்லை.

நான்காவது, பெயரை எடுப்பது. நமது பெயரையோ குறியையோ தம் பொருளில் ஒட்டுவதும், நமது முகவர் என்று பொய் சொல்வதும் இதில் அடங்கும். நமது புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய நேர்மையற்ற போட்டியையும் தடை செய்கிறது.

ஆகவே, ஏமாற்றப்பட்டவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நான்கில் எது எனக்கு நடந்தது?

3. வெளியுலகில் நடந்தவை

இது ஏழைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் மட்டும் வரும் துன்பம் என்று எண்ண வேண்டாம். இஸ்ரேல் நாட்டவரான யெகுத்தியேல் ஷேர்மன், விரித்தால் படமெடுக்கும் தடியாக நீளும் தொலைபேசி உறை ஒன்றை ஓராண்டு உழைத்து உருவாக்கினார். 2015 டிசம்பரில், செய்து விற்க முன்பணம் திரட்டுவதற்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் படங்களோடு அதை வெளியிட்டார். ஒரு கிழமைக்குள் சீன இணையச் சந்தைகளில் அதே பொருள் விற்பனைக்கு வந்துவிட்டது. அவர் வைத்த விலை 47 டொலர் அளவில். அங்கே 10 டொலருக்கும் கிடைத்தது. சிலர் அவர் வைத்த ‘ஸ்டிக்பொக்ஸ்’ என்ற பெயரையே போட்டு விற்றார்கள். அவர் தமது முதற் பொருளைச் செய்து முடிக்கும் முன்பே போலி சந்தையில் இருந்தது. முன்பணம் கொடுத்தவர்கள் அவரோடு கோபித்தார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜொஷ் மலோன், ஒரு நிமிடத்தில் 100 பலூன்களில் நீர் நிரப்பி முடிச்சிடும் கருவியை 2014 இல் வெளியிட்டார். வெளியிடுமுன்பே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அப்படியிருந்தும் பெரிய கம்பனி ஒன்று அதே மாதிரி செய்து விற்றது. 2017 இல் நீதிமன்ற ஜூரிகள் அவர் பக்கம் சுமார் 1 கோடி 20 லட்சம் டொலர் நட்டஈடு தீர்த்தார்கள். அந்த நீண்ட வழக்கை அவர் தனியாக நடத்தவில்லை. அவரோடு கூட்டுச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் கம்பனி ஒன்று பின்னால் நின்றது.

இந்த இரண்டிலிருந்தும் நாம் கற்பது என்ன? கடதாசி இல்லாதவர் போராடத் தொடங்கவே முடியாது. கடதாசி மட்டும் உள்ளவர், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், போராடி முடிக்க முடியாது.

4. நமது நாட்டுச் சட்டம் தருவது

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே இதற்குரிய சட்டம். இதை நடைமுறைப்படுத்துவது கொழும்பு 10 இல், டி. ஆர். விஜேவர்தன மாவத்தை, சமாகம் மெதுர கட்டடத்திலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.

ஆக்கவுரிமை: ‘பேட்டன்ட்’ என்று பலரும் சொல்வது இதையே. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். கருவி உலகில் எங்கும் முன்பு வெளிவராததாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த எவருக்கும் இலகுவில் தோன்றாததாகவும், செய்து பயன்படுத்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். நாமே முன்கூட்டி வெளியில் காட்டிவிட்டால், காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க நமது சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பிய நாடுகளில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே பதிவதற்கு எண்ணம் இருந்தால், முகநூலில் போடுவதைப் பிந்திப் போடுங்கள்.

கைத்தொழில் வடிவமைப்பு: பொருளின் புறத்தோற்றத்துக்கு 5 ஆண்டுப் பாதுகாப்பு. இருமுறை புதுப்பித்தால் 15 ஆண்டுகள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் வரும் ஒரு புதிய கோலம் இதன் கீழ் வரக்கூடியது.

வியாபாரக் குறி: பெயருக்கும் அடையாளத்துக்கும் 10 ஆண்டுகள். பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். தனியாள் பெயரில் மட்டுமல்ல, ஒரு சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் பயன்படுத்தும் கூட்டுக் குறியாகவும் பதியலாம்.

இரண்டு விடயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, இலங்கையில் எடுத்த ஆக்கவுரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லும். சீனாவில் செய்து சீனாவில் விற்பதை அது தடுக்காது. ஆனால் அப்பொருளை இங்கே இறக்கி விற்பதைத் தடுக்கும். மற்றது, இச்சட்டத்தின் கீழ் உரிமை கோரும் வழக்கை நாம் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். பொத்துவிலில் இருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசு, தங்குமிடம், சட்டத்தரணிக் கூலி எல்லாம் எண்ணிப் பார்த்தால், நமக்கு வழக்கு கடைசி வழியே.

5. நம்மால் செய்யக்கூடியவை

காணி விடயத்தில் நாம் பட்டறிந்த பாடம் ஒன்று உண்டு. காடு வெட்டி, கிணறு கிண்டி, தென்னை வைத்து, இருபது வருடம் இருந்த நிலத்துக்கும் ‘பேமிட் எங்கே?’ என்று கேட்கிறார்கள். உழைத்தவர் என்பதற்கு ஊரே சாட்சி சொன்னாலும் கந்தோரில் கடதாசியே பேசுகிறது. கைப்பட ஆக்கியதற்கும் இதே விதிதான். ஆகவே:

(அ) ஒரு கொப்பி வையுங்கள். முதல் வரைபடம், செய்த திகதி, மாற்றிய விதம், வாங்கிய சாமான்களின் பில் எல்லாம் அதில் இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் இலக்கமிட்டு, பொறுப்பான இருவரிடம் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். இது ஆக்கவுரிமைக்கு ஈடாகாது. ஆனால் ‘முதலில் செய்தவர் யார்’ என்ற பிணக்கில் நல்ல சான்று.

(ஆ) பிரதிகளை மூன்று இடத்தில் வையுங்கள். 1990 இன் இடப்பெயர்விலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் பெட்டியோடு போன உறுதிகளை நாம் மறக்கவில்லை. ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று தூரத்து உறவினரிடம் இருக்கட்டும். படமெடுத்துத் தொலைபேசியில் வைத்தாலும் நன்று.

(இ) பெயரைப் பொருளிலேயே பதியுங்கள். ஒட்டும் கடதாசி உரிந்துவிடும். இரும்பில் வெட்டி, வரிசை இலக்கமும் இடுங்கள். யாருக்கு எந்த இலக்கம் விற்றோம் என்று எழுதி வைத்தால், உடைந்த போலியோடு வருபவரிடம் ‘இது நமதல்ல’ என்று காட்ட முடியும்.

(ஈ) படம் போடும்போது வெளித்தோற்றத்தைக் காட்டுங்கள். உள்ளமைப்பையும் அளவுகளையும் காட்டாதீர்கள். படத்தின் நடுவே பெயர் இருக்கட்டும். அசல் படத்தை அழித்துவிட வேண்டாம்.

(உ) மொத்தமாக வாங்க வருபவரோடு ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள். எத்தனை, என்ன விலை, எந்தப் பெயரில் விற்பார், பார்த்துச் செய்யமாட்டார் என்பன அதில் வேண்டும். எழுத மறுப்பவரின் எண்ணம் அப்போதே தெரிந்துவிடும்.

(ஊ) நமது படத்தை வைத்து விற்பதைக் கண்டால், முதலில் அந்தப் பக்கத்தைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். சண்டைக்குப் போனால் பக்கத்தை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார். பின்பு அந்த இணையத்தளத்துக்கே முறைப்பாடு செய்யுங்கள். 1998 இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின் காரணமாக, முகநூல் போன்ற தளங்கள் பதிப்புரிமை முறைப்பாட்டுக்கென ஒரு படிவம் வைத்திருக்கின்றன. அதை நிரப்ப நீதிமன்றம் போகத் தேவையில்லை, செலவும் இல்லை. இங்குள்ள இணையச் சந்தைகளுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஆனால் இந்த வழி படத்துக்கே. விற்பவர் தானே மெசின் செய்து தானே படமெடுத்தால் இது பயன் தராது.

(எ) போலியை வாங்கி ஏமாந்தவர்களை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடச் சொல்லுங்கள். சட்ட ஆலோசனைக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். புதிய கருவி செய்தவர்களுக்கு வழிகாட்டவே இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு இருக்கிறது.

6. காப்பதா, கொடுப்பதா?

எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜொக் பிராண்டிஸ் என்பவர் 2001 இல் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனபோது, அங்கே பெண்கள் கையால் கச்சான் உடைத்துத் துன்பப்படுவதைக் கண்டார். சீமெந்தில் வார்த்துக் கையால் சுற்றும் ஒரு மெசினை உருவாக்கினார். அது மணித்தியாலத்துக்கு 50 கிலோ அளவில் உடைக்கும். அதன் அமைப்பை எவரும் செய்யலாம் என்று உலகுக்கே திறந்து கொடுத்தார். அதனால் அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் நமது தம்பிக்கும் ஒரு செய்தி உண்டு. கையால் சுற்றிக் கச்சான் உடைக்கும் முறை ஏற்கனவே உலகுக்குத் தெரிந்தது. அதை முழுவதும் தனது என்று அவர் பதிய முடியாது. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அவருடைய திருகு புதியதானால் அதற்கு மட்டுமே உரிமை கேட்கலாம். கொழும்புக்குப் பயணம் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டால் காசும் காலமும் மிஞ்சும்.

விரும்பிக் கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. பிராண்டிஸ் கொடுத்தார். அவர் பெயர் அதோடு நின்றது. தம்பி கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்தார்கள். அயல் கிராமத்து விதவைத் தாய்க்கு இலவசமாகச் செய்து கொடுக்கவும், தூரத்து வியாபாரியிடம் உரிய விலை கேட்கவும் ஆக்கியவருக்கு உரிமை வேண்டும். அந்தத் தெரிவு அவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்கே இத்தனை கடதாசியும்.

தனியொருவருக்கு இது பாரம். பத்துப் பேர் சேர்ந்த சங்கத்துக்குப் பாரமல்ல. ஒரே கூட்டுக் குறி, ஒரே பதிவுக் கொப்பி, முறைப்பாட்டுப் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பிள்ளை, இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் கரையில் பட்டறை ஒருவரிடமும் சந்தை மற்றவரிடமும் இருப்பது வழக்கம். இருவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் பொருளுக்கும் காவல், விற்பனைக்கும் வழி.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் யாராவது புதிதாகச் செய்த கருவி, விதை நடும் முறை, உணவுப் பண்டம் எவை? பட்டியல் இடுங்கள். ஆக்கியவரின் பெயரையும் எழுதுங்கள்.

2. அவற்றுள் எதைக் காக்க வேண்டும்? எதை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்? யார் அதைத் தீர்மானிக்க வேண்டும்?

3. உதாரணத்தில் வந்த தம்பி நமது சங்கத்துக்கு வந்தால், நாளைக் காலை நாம் செய்யக்கூடிய முதல் மூன்று காரியங்கள் என்ன?

4. குறைந்த விலை என்பதால் நாமே போலியை வாங்கியிருக்கிறோமா? அப்போது யாருடைய உழைப்பு நட்டப்பட்டது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி கொண்டு வரட்டும். முதற் பக்கத்தை அங்கேயே எழுதித் திகதியிடுவோம்.