ஒளியைப் பின்தொடரும் நிரல்

நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலைத் திருப்பதியில் பயிலும் நம்மில் பலரும் அறிவோம். பழைய சித்தூர் மாவட்டத்து ஊரான இது, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் அங்கே சூரிய பூசை நிகழும். மாலைக் கதிரொளி வாயில்களைக் கடந்து சென்று, முதல் நாள் திருவடியிலும், மறுநாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படியும்.

நண்பர்களே! இதனைக் கணக்காக எண்ணிப் பாருங்கள். சிலையின் ஒரு புள்ளியிலிருந்து கதிரவனை நோக்கி நேர்கோடு இழுப்போம். சுவரோ தூணோ குறுக்கிட்டால் அப்புள்ளியில் நிழல், இன்றேல் ஒளி. கணிப்பொறியில் படம் வரையும் 'ரே டிரேசிங்' முறை நிழலைக் காண்பதும் இவ்வாறே.

கதிரவன் உமிழும் கதிர்கள் எண்ணிலடங்கா. நம் கண்ணை அடைவன மிகச் சிலவே. ஆதலால் நிரல் எதிர்த்திசையில் செல்கிறது. கண்ணிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறது. 1968இல் ஆர்தர் ஆப்பெல் இம்முறையால் நிழல் கண்டார். 1980இல் டர்னர் விட்டெட் எதிரொளிப்பையும் ஒளிவிலகலையும் சேர்த்தார்.

ஓர் உருண்டையை வரைவோம். கண் (0, 0, 0), உருண்டையின் மையம் (0, 0, 5), ஆரம் 1. கதிர் மையத்தை நோக்கி நேரே செல்கிறது. கதிரின் திசையில் மையத்தின் தொலைவு 5. அதன் வர்க்கம் 25. மையத்தின் தொலைவை வர்க்கித்து, ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 24. இரண்டின் வேறுபாடு 1. அதன் வர்க்கமூலமும் 1. எனவே கதிர் 4இல் உட்புகுந்து 6இல் வெளியேறும். கண்ணுக்குத் தெரிவது 4. வேறுபாடு எதிர்மறையானால் கதிர் உருண்டையைத் தொடவில்லை என்பது பொருள்.

இது யாது? பள்ளியில் நாம் தமிழில் பயின்ற இருபடிச் சமன்பாடே அன்றோ!

முட்டிய இடத்திலிருந்து விளக்கை நோக்கி மற்றொரு கதிரை விடுங்கள். அதனைச் சிறிது தள்ளித் தொடங்குக. இன்றேல் தசமப் பிழையால் உருண்டை தன்மேலேயே நிழல் வீழ்த்தி, படமெங்கும் கரும்புள்ளிகள் தோன்றும். 400க்கு 300 அளவுள்ள படத்திற்குக் கண்ணிலிருந்து செல்லும் கதிர்கள் 1,20,000. சாதாரணக் கணிப்பொறியே போதும்; விடையை வெறும் எண்களாகப் 'பிபிஎம்' கோப்பில் எழுதிவிடலாம்.

தமிழ்வழி பயின்று வந்தோர் சிலர், ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவும் கூசி, நிரல் எழுதுவது நமக்கு எட்டாதென ஒதுங்குகின்றனர். கணிப்பொறி உச்சரிப்பைக் கேட்பதில்லை. கணக்கின் ஒழுங்கையே கேட்கிறது. அவ்வொழுங்கு நம்மிடம் முன்பே உண்டு. இவ்விடுமுறையில் ஓர் உருண்டையேனும் வரைந்து பாருங்கள்.